ரன் என்னும் சொல்லும் அறுபத்திரண்டு மரங்களும்

மூன்றே எழுத்துகளை உடைய ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ஏறத்தாழ மூன்று பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருப்பதைக் கண்ட நாளன்று, சிவஞானம் முதலில் அந்தப் புத்தகத்தின் மீதுதான் ஐயம் கொண்டார். சென்னைக் கப்பலிலிருந்து வேலையை விட்டுச் சென்ற ஓர் உணவறைச் சிப்பந்தி, இனி இது தமக்கு வேண்டாம் என்று கூறிக் கொடுத்த பழைய அகராதி அது. அட்டை இல்லை, நடுவில் கரையான் சென்ற தடம் உண்டு. அச்சுப் பிழையாக இருக்குமோ என்று முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பிழை எதுவும் இல்லை. 'ரன்' என்றால் ஓடு என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவர் கற்றது உண்மைதான். ஆனால் அது அச்சொல்லின் வாசற்படி மட்டுமே என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

இராமநாதபுரம் சீமையிலிருந்து 1952ஆம் ஆண்டு கூலியாளாக அந்தமான் தீவுக்கு வந்தவர் சிவஞானம். லாங் ஐலண்டில் மரம் இழுக்கும் லாஞ்சு என்னும் விசைப்படகில் எண்ணெய் ஊற்றும் வேலையில் சேர்ந்து, பதினோராண்டுகள் எஞ்சினின் காலடியிலேயே இருந்து, பிறகு அதை ஓட்டும் நிலைக்கு உயர்ந்தார். தமிழ் எழுத்துகளை முப்பத்து நான்காம் வயதிலும் ஆங்கில எழுத்துகளை முப்பத்தெட்டாம் வயதிலும் கற்றார். கையெழுத்திட வேண்டிய இடத்தில் கட்டைவிரலை நீட்டிய காலத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. இப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று.

1966ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வனத்துறை ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. லாஞ்சின் பொறுப்பாளர் தம் கைப்படவே ஆங்கிலத்தில் பயணக் குறிப்பேட்டை எழுத வேண்டும். அதுவரை அவர் வாயால் சொன்னதைக் குமாஸ்தா ஒருவர் எழுதிவந்தார். இனி அது செல்லாது. தேர்வு நடைபெறும், தேறினால் லாஞ்சு சிவஞானத்தின் பொறுப்பில் இருக்கும். தவறினால் மெயின்லேண்டிலிருந்து ஆள் வருவார். சிவஞானம் வேறொரு தீவில், வேறொரு லாஞ்சில், மீண்டும் எண்ணெய்க் குடுவையைக் கையில் எடுக்க வேண்டியதுதான். தேர்வுக்கு ஏழு வாரங்கள் இருந்தன.

பயணக் குறிப்பேட்டில் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று அவர் பழைய ஏடுகளைப் புரட்டி ஆராய்ந்தார். பக்கத்துக்கு நான்கைந்து முறையேனும் 'ரன்' தலைகாட்டியது. ஒரு சொல்லை முழுமையாகக் கைப்பற்றிவிட்டால் பாதித் தேர்வைக் கைப்பற்றியதாகும் என்று அவர் முடிவு செய்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்தார். ஆங்கிலமும் தமிழும் ஒத்துப்போகும் இடங்கள் இடப்பக்கம். பிரிந்துபோகும் இடங்கள் வலப்பக்கம்.

எஞ்சின் ஓடுவது, நீர் ஓடுவது, படம் ஓடுவது ஆகியவை இடப்பக்கம் எளிதாக அமர்ந்தன. வலப்பக்கமோ நாளுக்கு நாள் நீண்டது. போர்ட் பிளேயரின் டெலானிபூர் மேட்டின் மீது சாலை ஏறிச் செல்வதற்கும் அச்சொல்லே. லாஞ்சு தரை தட்டுவதற்கும் அதுவே. கப்பல் தாமதமாகி வீட்டில் அரிசி தீர்ந்துபோவதற்கும் அதுவே. நம் ஊரில் ஒருவர் தேர்தலில் நிற்கிறார்; அமெரிக்காவிலோ ஓடுகிறார். இதை எழுதிவிட்டுச் சிவஞானம் தனியே அமர்ந்து வெகுநேரம் சிரித்தார்.

அவருடைய மனைவி தனபாக்கியம் மீனைக் கழுவியபடியே இந்த ஆராய்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஏங்க, மூக்கு ஒழுகுறதுக்கும் அதே வார்த்தைதானா?"

"அதேதான். சேலையில சாயம் போறதுக்கும் அதேதான்."

"கடை நடத்துறதுக்கு?"

"அதுக்கும்."

"வெள்ளைக்காரனுக்கு அம்புட்டு வார்த்தைப் பஞ்சமா?"

சிவஞானம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு திரும்பினார். "நாம மட்டும் என்னவாம்? பொழப்பு எப்புடி இருக்குன்னு ஒன்னக் கேட்டா என்ன சொல்லுவ?"

"ஏதோ ஓடுதுன்னு சொல்லுவேன்," என்று கூறிய தனபாக்கியம், கூறிய பிறகுதான் தான் கூறியதைக் கேட்டாள். மீனைச் சட்டியில் போட்டுவிட்டு அவளும் கணக்கில் இறங்கினாள். கடிகாரம் ஓடுகிறது, நாள் ஓடுகிறது, சிலருக்கு மூளை ஓடுவதில்லை, விருந்தாளி திடீரென்று வந்து நின்றால் தனக்குக் கையும் ஓடுவதில்லை காலும் ஓடுவதில்லை என்று அவள் அடுக்கிக்கொண்டே போக, அவர் இடப்பக்கத்தை விரைந்து நிரப்பினார். அன்றிலிருந்து, வேலைக்குப் புறப்படும் கணவரிடம் சோற்றுத் தூக்கைக் கொடுக்கும்போது, இன்றைக்கு எத்தனை ஓடியது என்று மாலையில் தனக்குக் கணக்கு வர வேண்டும் என அவள் சொல்லி அனுப்பலானாள்.

மூன்றாவதாக ஒரு பத்தி வேண்டும் என்பதை உணர்த்தியவர் உதயசூரியன். இழுத்துச் செல்ல வேண்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டும் அறுவருக்கு அவரே தலைவர். பாட்டன் காலத்தில் கைதியாகக் கொண்டுவரப்பட்டுத் தீவிலேயே வேர்கொண்டுவிட்ட குடும்பம் அவருடையது. வீட்டில் தமிழ், வெளியில் இந்தி என்று வளர்ந்தவர் என்பதால், அவர் வாயில் இரண்டும் ஒரே ஓடையாகத்தான் வரும். நோட்டைப் பார்த்ததும் அவர் கேட்டார்:

"அண்ணே, ஒரு வார்த்தைக்கு இவ்ளோ மத்லப் எதுக்கு? எஞ்சின் சல்தா ஹை, துக்கான் சல்தா ஹை, சினிமா சல்தா ஹை. பஸ், அவ்ளோதான், முடிஞ்சுது."

சிவஞானம் திடுக்கிட்டார். அவர் கடைக்கும் எஞ்சினுக்கும் சொன்ன 'சல்தா', நடத்தலைக் குறிக்கும் சொல் அல்லவா? தமிழர் கடையை நடத்துகின்றனர், ஆங்கிலேயர் ஓட்டுகின்றனர், இந்தி பேசுவோருக்கோ எஞ்சின் முதல் சினிமா வரை எல்லாமே நடக்கின்றன. ஒரே லாஞ்சு, ஒரே உப்பங்கழி, ஒரே காலை. மூன்று மொழிகள் அதை மூன்று வேகத்தில் பார்க்கின்றன. இந்த எண்ணம் அவரை ஒரு வாரம் மகிழ்ச்சியில் வைத்திருந்தது. நோட்டில் மூன்றாவது கோடு விழுந்தது. தேர்வு நாள் வருவதற்குள் நாற்பத்தேழு பொருள்கள் சேர்ந்துவிட்டன.

தேர்வாளராகப் போர்ட் பிளேயரிலிருந்து வந்தவர் கிருஷ்ணமூர்த்தி என்ற அதிகாரி. ஒல்லியான உருவம், வெள்ளைச் சட்டை, அளந்து பேசும் பேச்சு. முதல் நாள் எழுத்துத் தேர்வு. லாஞ்சின் ஒரு நாள் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுமாறு பணித்தார். சிவஞானம் இரண்டு பக்கம் எழுதினார். கிருஷ்ணமூர்த்தி வாசிக்க வாசிக்க அவருடைய பென்சில் ஓரத்தில் கோடுகளை இழுத்துக்கொண்டே சென்றது. பிழைகளைத்தான் எண்ணுகிறார் என்று சிவஞானம் நினைத்தார். இறுதியில் அதிகாரி நிமிர்ந்தார்.

"பத்தொன்பது ரன். ஒரே வார்த்தைய வெச்சுண்டு தீவையே சுத்தி வந்துட்டீங்க. ஒண்ணுகூடத் தப்பா விழலை."

எழுத்துத் தேர்வில் அவர் தேறியதாக அங்கேயே கூறப்பட்டது. மறுநாள் செயல்முறைத் தேர்வு: எதிர்க்கரைக் கழியிலிருந்து அறுபத்திரண்டு மரங்கள் கொண்ட தெப்பத்தை லாங் ஐலண்டு ஆலைத் துறைக்கு இழுத்து வர வேண்டும்; புறப்படும் நேரத்தை அச்சிட்ட கடல்நீர் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும்; பயணத்தினிடையே குறிப்பேட்டை எழுத வேண்டும். அன்று மாலை சிவஞானம் அட்டவணைப் புத்தகத்தில் மாதத்தைக் கண்டு, தேதியைக் கண்டு, ஏற்றம் முடியும் நேரத்தை விரல் வைத்துப் படித்தார். ஒன்பது நாற்பது. அதையே எழுதிக் கொடுத்தார். கிருஷ்ணமூர்த்தியும் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்.

இங்கு ஒரு வழக்கத்தைக் கூறுதல் அவசியமாகும். கழியிலிருந்து தெப்பத்தை வெளியே கொண்டுவர வற்றத்தின் உதவி வேண்டும். ஏற்றம் முடிந்து, நீர் ஒரு கணம் நின்று, கடலை நோக்கித் திரும்பும் வேளையில் கட்டை அவிழ்த்தால், தெப்பம் தானே வழிகாட்டிக்கொண்டு வரும். அந்த வேளையைத் தெப்பக்காரர்கள் கடிகாரத்தைக் கேட்டு அறிவதில்லை. கரையில் நிற்கும் கண்டல் மரத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளி நீரில் போடுவார்கள். இலை உள்ளே போனால் காத்திருப்பார்கள். நின்றால் பீடியை அணைப்பார்கள். வெளியே போகத் தொடங்கினால் கட்டை அவிழ்ப்பார்கள். சிவஞானமும் இத்தனை ஆண்டுகளாக அந்த இலையைப் பார்த்துத்தான் எஞ்சினை முடுக்கியவர்.

அன்று காலை ஒன்பது முப்பத்தைந்துக்கு உதயசூரியன் வழக்கம்போல் இலையைப் போட்டார். அது நிதானமாகக் கழியின் உட்புறம் நோக்கிச் சென்றது.

"அண்ணே, பத்தா இன்னும் உள்ளதான் போகுது. ஜரா ருக்கலாம், பொறுங்க."

தேர்வாளர் அருகில் அமர்ந்திருந்தார். நேற்றைய பத்தொன்பது இன்னும் சிவஞானத்தின் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

"ஒன்பது நாப்பதுன்னு புஸ்தகத்துல அச்சடிச்சிருக்கான். எலைக்கு எழுதப் படிக்கத் தெரியுமாய்யா?"

தெப்பக்காரர்கள் சிரித்தார்கள். உதயசூரியன் சிரிக்கவில்லை, கட்டை அவிழ்த்தார்.

முதல் கால் மணி நேரம் எல்லாம் ஒழுங்காகவே தோன்றியது. வளைவைக் கடந்து கழி குறுகும் இடம் வந்தபோது, கரையில் பட்டுப்போன ஒரு மரம் லாஞ்சுக்கு நேராக நின்றது. சிவஞானம் எஞ்சினுக்கு இன்னும் வேகம் கொடுத்தார். ஐந்து நிமிடம் சென்றது. மரம் அப்படியே நேராக நின்றது. எஞ்சின் முழு மூச்சில் ஓடியது, புகை வந்தது, நுரை வந்தது. இடம் மட்டும் மாறவில்லை. இழுவைக் கயிறு முறுகி நின்றது. தெப்பத்தின் வால் மெல்லத் திரும்பிக் கரையோர வேர்களை நோக்கிச் சாயத் தொடங்கியது. கனத்த மரங்கள் மூழ்காதிருக்க அவற்றினிடையே பப்பீத்தா என்னும் இலேசான மரங்களைச் சேர்த்துப் பிரம்பால் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டுகளில் ஒன்று பட்டென்று அறுந்த ஓசை லாஞ்சு வரை கேட்டது. இன்னும் நான்கு கட்டுகள் அறுந்தால் பாதிச் சரக்கு சேற்றின் அடியில் இருக்கும்.

சிவஞானம் நீரைப் பார்த்தார். அன்று காலையில் முதன்முறையாகப் பார்த்தார். அது உள்ளே வந்துகொண்டிருந்தது. எந்தப் புத்தகத்தையும் கேளாமல், அவசரமின்றி வந்துகொண்டிருந்தது. இப்போதும் அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. இன்னும் அரைமணி எஞ்சினைப் பிழிந்து, நீர் திரும்பும்வரை இழுத்துப் பிடித்து நிற்கலாம்; கட்டுகள் தாங்கினால் தேர்வாளருக்கு ஒன்றும் தெரியாது. அல்லது பின்வாங்கலாம். அவர் எஞ்சினின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். நீர் தெப்பத்தைத் தான் வந்த வழியே கொண்டுபோக விட்டார். வளைவுக்கு உள்ளே கழி அகன்று கிடக்கும் இடத்தில் தெப்பத்தைச் சேர்க்குமாறு கைகாட்டினார். அறுவரும் குதித்து நீந்தி, கண்டல் வேர்களில் கயிறுகளைச் சுற்றினார்கள். மரங்கள் அனைத்தும் இருந்தன.

நீர் சொட்டச் சொட்ட லாஞ்சில் ஏறிய உதயசூரியன் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, எலை பாஸாயிருச்சு."

 

அடுத்ததாகக் குறிப்பேடு சிவஞானத்தின் மடிமீது வைக்கப்பட்டது. கிருஷ்ணமூர்த்தி எதிரே அமர்ந்து கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். உதயசூரியன் குனிந்து, எஞ்சின் கராப், அதாவது பழுது, என்று எழுதிவிடுமாறும், குமாஸ்தா பாபு எப்போதும் அதைத்தான் எழுதுவார் என்றும் காதோடு சொன்னார். உண்மைதான். பழைய ஏடுகளில் எல்லாத் தாமதத்துக்கும் அந்த இரு சொற்களே காரணமாக நின்றன. அவற்றை எழுத்துக்கூட்டவும் சிவஞானத்துக்குத் தெரியும்.

ஆனால் பதினோராண்டுகள் அந்த எஞ்சினின் காலடியில் இருந்தவர் அவர். அன்று காலை அது செய்யத்தக்க அனைத்தையும் செய்தது. தம் பிழையை அதன் தலையில் ஏற்றுவதற்கு அவர் கை எழவில்லை. நோட்டில் சேர்த்த நாற்பத்தேழில் அழகானவை எவையும் இப்போது உதவவில்லை. அரிசி தீர்வதும் சாயம் போவதும் தேர்தலும் எங்கோ விலகி நின்றன. மிகச் சாதாரணமான மூன்று மட்டும் முன்வந்தன. பென்சிலை அழுத்திப் பிடித்து, சொல் சொல்லாக அவர் ஆங்கிலத்தில் எழுதினார். எஞ்சின் நன்றாக ஓடியது. நீர் இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. நான் புத்தகத்தின்படி லாஞ்சை ஓட்டினேன், நீரைப் பார்க்கவில்லை, பிழை என்னுடையது. தெப்பம் கட்டப்பட்டுள்ளது, நீர் திரும்பக் காத்திருக்கிறோம்.

கிருஷ்ணமூர்த்தி இருமுறை படித்தார்.

"இது தேர்வுன்னு ஞாபகம் இருக்கா, மிஸ்டர் சிவஞானம்?"

"இருக்கு சார்."

"எஞ்சின்ல கோளாறுன்னு எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கப் போறதில்லை."

"ஒங்களுக்குத் தெரியாது சார். நாளைக்கி நான் இல்லாதப்ப இந்த லாஞ்சுக்கு இன்னொருத்தன் வருவான். நான் எழுதுனதப் படிச்சுட்டு எஞ்சினக் கழட்டிப் போட்டுட்டு ஒக்காந்திருப்பான். மறுபடி இதே மாதிரி ஒரு நாள்ல, இதே எடத்துல வந்து நிப்பான்."

அதிகாரி கையை நீட்டினார். அட்டவணைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். தேதிப் பக்கத்தைத் தேடாமல் முதல் பக்கத்தைத் திறந்தார். அங்கே, சிறிய எழுத்தில், இந்நேரங்கள் போர்ட் பிளேயர் துறைமுகத்துக்கு உரியவை என்றும் பிற இடங்களில் மாறுபடும் என்றும் அச்சிடப்பட்டிருந்தது. அவர் அதைச் சிவஞானத்தின் பக்கம் திருப்பிக் காட்டினார். சிவஞானம் வாய்விட்டுப் படித்தார். ஒரு சொல்லும் அவருக்குப் புரியாததாக இல்லை. அந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தோன்றாமல் போயிற்று. புத்தகம் என்றால் தமக்கு வேண்டிய வரியை நோக்கி நேரே சென்று அடைவதுதான் படிப்பு என்று அவர் எண்ணியிருந்தார்.

"முப்பது வருஷமா படிக்கறவன் நான். நானும் இந்தப் பக்கத்தப் பார்க்கலை. ஒன்பது நாற்பதுக்குக் கீழ என் கையெழுத்தும் இருக்கு," என்றார் கிருஷ்ணமூர்த்தி. குறிப்பேட்டை வாங்கி, சிவஞானத்தின் வரிகளுக்குக் கீழே தம் பெயரில் ஒரு வரி சேர்த்தார்.

பத்தரை மணிக்கு நீர் நின்றது. இம்முறை உதயசூரியனிடம் எப்போது அவிழ்க்கலாம் என்று சிவஞானமே கேட்டார். உதயசூரியன் வேண்டுமென்றே ஒரு பீடியை முழுமையாகப் புகைத்து முடித்தார்; அதிகாரி முன்னிலையிலும் அந்த உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு தலையசைத்தார். கட்டு அவிழ்ந்ததும் தெப்பம் தானாகவே தலையைக் கடலின் பக்கம் திருப்பிக்கொண்டது. குறுகிய இடத்தில் எஞ்சின் பாதி வேகத்தில் முனகிக்கொண்டே சென்றது. பட்டுப்போன மரம் பின்னால் போயிற்று. வெளியே வெயில் விரிந்து கிடந்தது. ஒரு மணி தாண்டி ஆலைத் துறையை அடைந்து எண்ணியபோது மரங்கள் அறுபத்திரண்டும் இருந்தன.

சாப்பாட்டு வேளை தாண்டியும் துறையில் கூட்டம் கலையவில்லை. தனபாக்கியமும் சோற்றுத் தூக்குடன் வந்து, கேட்க வேண்டியதைக் கேட்காமல் ஓரமாக நின்றாள். கிருஷ்ணமூர்த்தி ஒரு மரத்துண்டின்மேல் அமர்ந்து தம் அறிக்கையை எழுதினார். எழுதி முடித்ததும் அதை உறையில் இடாமல் சிவஞானத்திடம் நீட்டினார். அறிக்கையை அவரே உரக்கப் படிக்க வேண்டும், அதுதான் தேர்வின் கடைசிப் பகுதி என்றார்.

சிவஞானம் நிமிர்ந்து நின்று படிக்கத் தொடங்கினார். தேதி, இடம், மரங்களின் எண்ணிக்கை, காலையில் நேர்ந்த பிழை என்று வரிகள் சென்றன. தம் பிழையை அவர் தணிந்த குரலில் படிக்கவில்லை. ஏழாவது வரியில் ஒரு சொல் வழிமறித்தது. எழுத்துக்கூட்டிப் பார்த்தார், அவர் அறியாத சொல். முந்தைய நாளாக இருந்திருந்தால், அறிந்தவர்போல் அதைத் தாண்டிச் சென்றிருப்பார். அன்று அவ்வாறு செய்ய அவருக்கு விருப்பமில்லை. அதன்மேல் விரலை வைத்தார்.

"சார், இந்த வார்த்தை எனக்குத் தெரியாது."

"தகுதியுள்ளவர்னு அர்த்தம். லாஞ்சு உங்க பொறுப்புல இருக்கலாம்."

தனபாக்கியம் தூக்கை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். சிவஞானம் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேற அர்த்தம் ஏதாச்சும் உண்டா சார்?"

"இல்லை. இங்க இது ஒண்ணுதான்."

அவர் தலையசைத்துவிட்டு, நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கி, எஞ்சியிருந்த இரண்டு வரிகளையும் கையெழுத்து வரை படித்து முடித்தார்.